கதவைத் தட்டிய மருத்துவர்

ஆலிஸ் ஹாமில்டனிடம் எனக்குப் பிடித்தது அவர் துப்புத் துலக்கும் விதம். 1910-இல் இல்லினாய்ஸ் மாநிலத்துக்காக ஈய நச்சைத் தேடிப் புறப்பட்ட இந்த அமெரிக்க மருத்துவர் ஆலைகளோடு நிற்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், தொழிலாளர் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்.

குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் போலந்துக்காரர் ஒருவருக்கு ஈய நச்சு. ஆலைக்குப் போய்ப் பார்த்தால் ஆபத்தான எதுவும் கண்ணில் படவில்லை. விடாமல் அந்த ஆளின் வீட்டுக்கே போனார். ஆலையில் தனக்குக் காட்டியது கடைசிப் பூச்சுவேலையை மட்டும்தான் என்பது அங்கேதான் தெரிந்தது. பழுக்கக் காய்ந்த தொட்டிமேல் எனாமல் பொடி தூவும் அசல் வேலை வேறு பக்கம் நடந்தது, காற்றெல்லாம் ஈயத்தூசி. சிகாகோவின் ஏழைகள் நடுவே ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது கைவந்த கலையாக இருந்திருக்கும்.

இந்தத் தேடலின் பலனாக 1911-இல் இல்லினாய்ஸில் தொழில்நோய்ச் சட்டம் வந்தது. 1919-இல் அவர் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரானார். ஆனால் ஆசிரியர் கிளப்புக்குள் நுழையக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து டிக்கெட்டும் கேட்கக் கூடாது. (டிக்கெட்டில்கூடவா கஞ்சத்தனம்!) 1935-இல் ஓய்வுபெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியர்தான்.