வாடகைப் பாட்டு

பாட்டைக் கோப்பாகச் சொந்தத்தில் வைத்திருந்த காலத்தை ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொத்தில் பெரும்பகுதி திருட்டுச் சொத்து. ரெக்கார்டிங் கடையில் துண்டுச்சீட்டில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய 60 நிமிட கேசட்டோ, நடைபாதையில் வாங்கிய எம்பி3 சிடியோ, இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு பைசா கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. தரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 700 எம்பி வட்டில் 150 பாட்டு அடங்க வேண்டுமென்றால் 128 கேபிபிஎஸ் அளவுக்கு நசுக்கியாக வேண்டும். அதில் முதல் அடி சிம்பலுக்கும் வயலின் கூட்டத்தின் மேல்ஸ்தாயிக்கும். பின்னாளில் இணையத்திலிருந்து இறக்கியவற்றில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கித் தந்த தளத்தின் பெயர் இருக்கும். ஸ்ட்ரீமிங் வந்து ஒரு பொற்காலத்தை அழித்துவிட்டது என்று வாதாடினால், வழக்கு முதல் வாய்தாவிலேயே தோற்றுப்போகும்.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். ஒரு மத்தியானத்துக்குள் ஜி. ராமநாதனில் தொடங்கி சந்தோஷ் நாராயணன் வரை வந்துவிடலாம். ஆப்பிள் மியூசிக் 2021இல், கூடுதல் காசு வாங்காமலே, ஒலியை நசுக்காத தரத்தில் தரத் தொடங்கியது. வசதி, ஒலி, சட்டம் மூன்றிலும் ஸ்ட்ரீமிங்தான் மேல். இதை மறுப்பது வீம்பு.

நியாயம் என்று வரும்போதுதான் இடறுகிறது. நான் கட்டும் சந்தா நான் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தமாக யார் பாட்டு எவ்வளவு ஓடியது என்ற கணக்கில் பிரிகிறது. மாதம் முழுக்க நாகஸ்வரம் மட்டுமே கேட்பவருடைய ரூபாயிலும் பெரும்பங்கு அந்த மாதத்து ஹிட் பாட்டுக்குத்தான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஓராண்டில் 1,000 முறையாவது ஓடாத பதிவுக்குப் பங்கே கிடையாது. திருட்டு சிடி யாருக்கும் தரவில்லை. இது தருகிறது, ஆனால் இருக்கிறவனுக்கே தருகிறது.

இனி முக்கியமான இடம். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃப்ளைட்’ என்றொரு எம்பி3 கடை திறந்தது. பூட்டுப் போடாத கோப்புகள். காசு கொடுத்து இறக்கிக்கொண்டால் எந்தக் கருவியிலும் கேட்கலாம். ஓசியில் கிடைப்பதை யார் வாங்குவார்கள்? அடுத்த ஆண்டு ஜூனிலேயே மூடிவிட்டார்கள். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2014இல் தொடங்கிப் பத்தாண்டு ஓடி, 2024இல் அதுவும் மூட முடிவானது. இரண்டு மூடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ளைட்டில் வாங்கியவர் பத்திரமாக வைத்திருந்தால் அந்தப் பாட்டு இன்றும் பாடும். சந்தாச் செயலிக்குள் இறக்கி வைத்தது செயலியோடு போகும். செயலி உயிரோடிருந்தாலும் நிலைமை அவ்வளவுதான்: ஸ்பாட்டிஃபையில் இறக்கியவை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஒலிக்காது. 2024 மார்ச்சில் ஜீ மியூசிக்குடன் பேரம் படியாமல் அதன் பாடல்கள் அங்கிருந்து இறங்கியபோது சந்தா கட்டியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கர்நாடக இசை கேட்பவருக்கு இன்னொரு தொல்லை. ராகம் தானம் பல்லவி ஒன்றை நாலு தடமாக வெட்டியிருப்பார்கள். கலைத்துப் போடும் பொத்தான் தெரியாமல் அமுங்கியிருந்தால், தானம் முடிந்து பல்லவிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது எங்கிருந்தோ ஒரு துக்கடா வந்து விழும். காசு கட்டாதவருக்கு நடுவில் விளம்பரமும் உண்டு. மிருதங்கம் யார், வயலின் யார் என்று தேடினால் பல ஆல்பங்களில் விடை இல்லை. தோடியை ஆங்கிலத்தில் ஒருவர் ‘எச்’ போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதியிருப்பார்கள். (சினிமாப் பாட்டிலும் பாடகர் பெயர் முகப்பில் மின்னும், எழுதிய கவிஞரை உள்ளே போய்த் தோண்ட வேண்டும்.) கோப்பாகக் கையில் இருந்தால் பெயர், வரிசை, பக்கவாத்தியம், கச்சேரி நடந்த ஆண்டு எல்லாவற்றையும் நாமே திருத்திக்கொள்ளலாம்.

எத்தனை பேர் திருத்தினார்கள் என்று கேட்கலாம். கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரை நம்பித்தான் நம் இசைச் சேமிப்பே நிற்கிறது. மதுரை மணி ஐயர் 1968இல் காலமானார். அவருடைய கச்சேரிகள் இன்று இவ்வளவு கேட்கக் கிடைப்பதற்கு ஒலித்தட்டு கம்பெனிகளைவிட, ஸ்பூல் டேப்பில் பதிந்து, பிரதி எடுத்து, கை மாற்றிக்கொண்ட ரசிகர்களே பெரிய காரணம். ஒரு வீட்டு டேப் பூஞ்சணம் பிடித்தால் இன்னொரு வீட்டில் ஒன்று இருந்தது. ஒரே சர்வரில் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மைஸ்பேஸ் சாட்சி: 2015க்கு முன் இசைக்கலைஞர்கள் அங்கே ஏற்றியிருந்தவை, சர்வர் மாற்றும் வேலையில் அழிந்துபோனதாக 2019இல் ஒப்புக்கொண்டார்கள். கோப்புக்கு மதிப்பு, அது என்னுடையது என்பதால் வந்ததில்லை. பல பேரிடம் இருந்ததால் வந்தது. சந்தா முறை அந்தப் பல பிரதிகளை மொத்தமாக ஒழிக்கிறது. என் கணக்கில் அதன் மேல் நிற்கும் மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான்.

ஆகவே, கேட்பதற்குச் சந்தா போதும். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. காப்பதற்கு அது உதவாது. போனால் திரும்பக் கிடைக்காது என்று தோன்றுகிற பழைய கச்சேரியையும், சின்னக் கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தையும், நேரடியாக விற்கிற சுயாதீனக் கலைஞரின் பாட்டையும் காசு கொடுத்துக் கோப்பாக வாங்கி, இரண்டு இடத்திலாவது வைக்க வேண்டும். பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள் பூட்டில்லாமல் விற்கின்றன. பழைய தமிழ்ப் பாடல்களின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளும் அப்படி விற்கலாம். யார் வாங்குவார்கள் என்ற பழைய கேள்விக்கு அவர்களில் ஒருவரிடமே பதில் இருக்கிறது. சரிகம 2017இல் 5,000 பாட்டை உள்ளே அடைத்து, இணையமும் சந்தாவும் வேண்டாத கேரவான் பெட்டியைக் கொண்டுவந்தது. அதே பாட்டெல்லாம் யூடியூபில் ஓசியில் ஓடிக்கொண்டிருந்த நாளில், ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து அதை வாங்கினார்கள்.