வால்நட் நிறமும் கருப்புக் கண்ணாடியும்: மாடுலர் கிச்சன் குறித்து ஒரு விமர்சனம்

கடந்த ரெண்டு மாசத்துல எனக்கு வந்த 3டி படங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா எல்லாம் ஒரே ஆள் வரைஞ்ச மாதிரி இருக்கு. வெவ்வேறு கடைகள், வெவ்வேறு டிசைனர்கள். ஆனா கீழே வால்நட் நிற மரக் கதவுகள், நடுவில் கருப்பு மேடை, அதன் மேல் கருப்புக் கண்ணாடி ஹாப், கருப்பு சிம்னி, கருப்பு மைக்ரோவேவ், ஓரத்தில் கருப்பு ஃபிரிட்ஜ். மேடை மேல ஒரு கிண்ணத்தில் நாலு எலுமிச்சம்பழம். எந்தப் படத்திலும் மிக்ஸி இல்லை. கிரைண்டர் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் ஒண்ணுகூட இல்லை.

கரையான்சாவடியில் இருக்கும் எங்க வீட்டுச் சமையலறைக்கு வயசு இருபதுக்கு மேல். எட்டுக்குப் பத்து அடி, கடப்பா கல் அலமாரி, ஒரே ஜன்னல். அதை இடிச்சுப் புதுசாக்க வாங்கின கொட்டேஷன்கள் எல்லாமே நாலு லட்சத்தைத் தாண்டின. அங்கே தினமும் வேலை செய்வது ரெண்டு பேர்: 68 வயசு அம்மா, என் மனைவி. நான் கட்டடக்கலை படிச்சவன் இல்லை, மென்பொருள் எழுதறவன். ஆனா இவ்வளவு பணத்தைப் போட்டு அடுத்த இருபது வருஷம் வீட்டில் வெச்சுக்கப் போற ஒரு படைப்பை, புத்தகத்தையோ சினிமாவையோ விமர்சிக்கிற அளவுக்காவது உட்கார்ந்து படிக்கணும் என்று தோணிச்சு. அப்படிப் படிச்சதன் குறிப்புகள் இவை.

பிராங்பர்ட், 1926

இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன் என்று சொல்வதன் பாட்டி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் பிறந்தவள். முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே தலைமையில் நகர நிர்வாகம் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டியது. அதற்கான சமையலறையை 1926-ல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர். பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர். அவர் வரைஞ்ச அறை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம்ம கணக்கில் ஆறேகாலுக்குப் பதினோரு அடி. இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன.

அவருக்கு மாதிரியாக இருந்தது ரயிலின் உணவுப் பெட்டி. இத்தனூண்டு இடத்தில் நூறு பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்து வரைந்தார்.

என்னை நிறுத்தி யோசிக்க வெச்சது அதில் இருந்த மரமும் நிறமும்தான். மாவு வைக்கும் இழுப்பறை ஓக் மரம். அந்த மரத்தில் இருக்கும் டானின் புழுவை அண்ட விடாது என்பதற்காக. காய் வெட்டும் பலகை பீச் மரம். கறை ஏறாது என்பதற்காக. கதவுகளுக்கு நீலப்பச்சை வர்ணம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போ நம்பினார்கள். அரிசி, சர்க்கரை போடுவதற்கு மூக்கு வெச்ச அலுமினியப் பெட்டிகள். அப்படியே உருவிப் பாத்திரத்தில் சரிச்சுக் கொட்டலாம். ஜன்னல் ஓரத்தில் ஒரு சுழல் நாற்காலி. காய் நறுக்கறவர் வெளிச்சத்தில் உட்கார்ந்து நறுக்கலாம்.

அதில் குறைகளும் நிறைய. ஒரே ஒரு ஆள் நின்னு சமைக்கிற மாதிரி அளந்த அறை அது. ரெண்டாவது ஆள் நுழைஞ்சா இடிக்கும். சமையலறையிலேயே சாப்பிட்டுப் பழகின குடும்பங்கள் திண்டாடின. பெண்ணைத் தனியா ஒரு பெட்டிக்குள் அடைச்ச வடிவமைப்பு என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் சாடினார்கள். அதை வரையும் வரை தான் சமைச்சதே இல்லை என்று லிஹோட்ஸ்கியே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அந்த அறையில் எந்தப் பொருளைத் தொட்டு "இது ஏன் இப்படி?" என்று கேட்டாலும் ஒரு பதில் உண்டு. ஈ விஷயம் மாதிரி தப்பான பதிலாகக்கூட இருக்கலாம். ஆனா கேள்வி சமையல் வேலையிலிருந்து வந்தது.

எனக்கு வந்த படங்களில் "ஏன் வால்நட்? ஏன் கருப்பு?" என்று கேட்டேன். "இப்ப அதுதான் சார் போகுது" என்றார்கள். என் விமர்சனத்தின் மையம் இதுதான். பிராங்பர்ட்டிலிருந்து பெட்டி வடிவமும் இழுப்பறையும் வந்து சேர்ந்தன. அவற்றை உண்டாக்கின கேள்விகள் வந்து சேரவில்லை.

மரம் போல் இருப்பது

நம்ம பழைய அடுக்களையில் மரம் எங்கே இருந்தது என்று யோசிச்சுப் பாருங்க. மத்து, அகப்பைக் காம்பு, அருவாமனைப் பலகை, தேங்காய் துருவி, அஞ்சறைப்பெட்டி. கை படுகிற இடம், சூடு ஏறக்கூடாத இடம், காய்ஞ்சே இருக்கிற இடம். உப்பு பீங்கான் ஜாடியில், புளி மண் பானையில், அரிசி தகர டின்னில். தண்ணி படும் இடத்தில் கல். ஊர்ப் பெயரிலேயே கரையானை வெச்சிருக்கிற எங்களுக்கு இதைத் தனியாச் சொல்லத் தேவையில்லை.

படத்தில் உள்ள வால்நட், மரமே கிடையாது. அது லேமினேட். மர ரேகை அச்சடிச்ச காகிதத்தைப் பிசினில் தோய்ச்சு, பழுப்புக் காகித அடுக்குகளின் மேல் வெச்சு அழுத்தின தகடு. தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவு. இதில் எனக்குப் புகார் இல்லை, நல்லாவே உழைக்கும். கேட்க வேண்டியது அதுக்குப் பின்னால் என்ன இருக்கு என்பது. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்தினவை. தண்ணி குடிச்சா உப்பும், உப்பினது திரும்பாது. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ரகத்தைக் கொதிக்கும் தண்ணியில் 72 மணி நேரம் போட்டுச் சோதிப்பார்கள். ஸிங்குக்கு அடியில் போட வேண்டியது அது. நான் வாங்கின கொட்டேஷன்களில் கதவின் நிறத்துக்கு நாலு வரி, உள்ளே போடும் பலகைக்கு "பிளை" என்று ஒரே சொல்.

சென்னைக்கு மேற்கே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டும் நினைவிருக்கும். முழங்கால் அளவு தண்ணி ஒரு நாள் நின்னா, கடப்பா அலமாரியை ஃபினாயில் போட்டுக் கழுவி விடலாம். பார்ட்டிகிள் போர்டு பெட்டிகளைக் குப்பை வண்டியில்தான் ஏத்தணும்.

கருப்பு

கருப்பு நமக்குப் புதுசு இல்லை. அம்மி, ஆட்டுக்கல், இரும்புத் தோசைக்கல், கடப்பா எல்லாம் கருப்புதான். விறகடுப்புக் காலத்தில் சுவரும் கருப்பு. அந்தக் கரியிலிருந்து தப்பிக்கத்தான் கேஸ் வந்ததும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். இப்போ காசு கொடுத்துக் கருப்பைத் திரும்ப வாங்குகிறோம்.

படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கடுகு கொட்டினா எப்படிடா தெரியும்?" இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. கருப்பு மேடையில் கடுகு தெரியாது, மிளகு தெரியாது, உளுந்தில் இருக்கும் வண்டு தெரியாது. தெரியக்கூடாதது எல்லாம் தெரியும்: அரிசி மாவு, விரல் ரேகை, உப்புத் தண்ணி காய்ஞ்ச வெள்ளைத் திட்டு. போர் தண்ணி புழங்குற வீட்டில் கருப்புக் கண்ணாடியைப் பளபளன்னு வெச்சிருப்பது தனியா ஒரு வேலை.

அடுத்தது வெளிச்சம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். கருப்பு பத்தில் ஒரு பங்குகூடத் தராது. அறுபது வயசில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயசில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒரே ஜன்னல் உள்ள அறையில் நாலு பக்கமும் அடர் நிறம் பூசினால் அதன் விலையை யார் கொடுப்பார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கு. படத்தில் இது தெரியாது. 3டி மென்பொருளில் விளக்கு எத்தனை வேணும்னாலும் போட்டுக்கலாம், கரண்ட் பில் வராது.

மூணாவது கரப்பான். இருட்டான, கதகதப்பான, ஒடுங்கின இடுக்குதான் அதுக்குப் பிடிக்கும்: ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், மைக்ரோவேவ் பொருத்தின பெட்டிக்குப் பின்னால். பழுப்புப் பலகையில் பழுப்புப் பூச்சி நம் கண்ணில் படாது. சமையலறைகளில் அதிகம் திரியும் சின்னக் கரப்பானுக்கு "ஜெர்மன் கரப்பான்" என்று பெயர். 2024-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் நம்ம பக்கத்தில், இந்தியா அல்லது மியான்மரில், உருவானது என்று சொல்கிறது. அவர்கள் நமக்குச் சமையலறை கொடுத்தார்கள், நாம அதில் குடியிருக்க ஆள் அனுப்பியிருக்கிறோம்.

கிரைண்டர் எங்கே?

சமையலறை வடிவமைப்பில் "வேலை முக்கோணம்" என்று ஒண்ணு சொல்வார்கள். ஃபிரிட்ஜ், ஸிங்க், அடுப்பு, இந்த மூணும் ரொம்ப ஒட்டாமலும் ரொம்ப விலகாமலும் இருக்கணும். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு. நம்ம வீட்டில் இதுக்கு நாலாவது முனை உண்டு: அரைக்கிற இடம். சட்னி, மசாலா, இட்லி மாவு. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையில் என்ன இருக்கும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தது, இந்தப் படங்களுக்குத் தெரியவில்லை.

"கிரைண்டரை சர்வீஸ் ஏரியாவில் வெச்சுக்கலாம் சார்" என்றார் ஒருவர். கல்லோடு கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஊற வெச்ச அரிசியைத் தூக்கிட்டு வெளியே போய், அரைச்ச மாவைத் தூக்கிட்டு உள்ளே வரணும். முக்கோணத்தில் மிச்சம் பிடிச்ச நடை எல்லாம் இதிலேயே போயிடும்.

உயரமும் அப்படித்தான். கேட்ட இடமெல்லாம் மேடைக்கு 34 அங்குலம் என்றார்கள். முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது என்பது பொதுவான விதி. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அம்மா அதைவிடக் குள்ளம், நாலடி பத்தங்குலம். அவங்களுக்கு 31, 32 அங்குலம் சரியா வரும். மனைவி அஞ்சடி நாலங்குலம். அவங்களுக்கு 35, 36. ஆக 34 என்பது ரெண்டு பேருக்குமே பொருந்தாத சமரசம். அதிலும் அடுப்பு மேல இட்லிப் பானை ஏறினால் இன்னும் ஒரு முழம் உயரம். மேடையை ரெண்டு மட்டமாப் போடலாமா என்று கேட்டேன். "லைன் உடைஞ்சிடும் சார், பார்க்க நல்லா இருக்காது" என்று பதில் வந்தது. ஹாலிலிருந்து பார்க்கறவருக்கு லைன், உள்ளே நிக்கறவருக்கு முதுகுவலி.

மாடுலர் என்ற சொல்

என் தொழிலில் மாடுல் என்றால், ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டினால் மற்றவை அசையக்கூடாது. இங்கே ஒரு கதவு உடைஞ்சா அந்த லேமினேட் நிறம் அடுத்த வருஷம் கிடைப்பது சந்தேகம். ஹாப் பழுதானா அதே அளவு ஓட்டைக்குப் பொருந்துவதாகத் தேடணும், இல்லைன்னா கிரானைட்டை அறுக்கணும். அதோட ஒப்பிட்டா, கடப்பா தட்டும் எவர்சில்வர் டப்பாக்களும் கொண்ட அம்மாவின் அலமாரி முழு மாடுலர். எந்த டப்பாவையும் எந்தத் தட்டுக்கும் மாத்தலாம், நசுங்கினா ஒண்ணை மட்டும் மாத்தலாம்.

ஆனா பழசுதான் உசத்தி என்று முடிக்க மாட்டேன். கடப்பா தட்டின் கடைசியில் இருக்கும் டப்பாவை எடுக்க அம்மா முட்டி போட்டுக் குனியணும், முட்டி ஒத்துழைப்பதில்லை. முழுசா வெளியே வரும் இழுப்பறை அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும். மொத்தக் கொட்டேஷனில் அந்தத் தண்டவாளத்துக்குத்தான் கேள்வி கேட்காமல் காசு கொடுப்பேன்.

ஒரு ஆசாரியிடம் பேசி நாங்க எடுத்த முடிவு: கீழ்ப் பெட்டிகளுக்குக் குறுக்குச் சுவர் கல்லிலேயே, கதவும் இழுப்பறையும் மட்டும் மரம். இங்கே இதை செமி-மாடுலர் என்கிறார்கள். மேடை வெளிர் நிறம், ரெண்டு மட்டம். தாழ்ந்த மட்டத்தில் அடுப்பு. பக்கத்திலேயே கிரைண்டருக்கு நிரந்தர இடமும் 16 ஆம்பியர் பிளக்கும். ஜன்னல் ஓரம், முட்டி உள்ளே போகும் அளவுக்குக் கீழே காலியா விட்டு ஒரு ஸ்டூல். பிராங்பர்ட்டிலிருந்து நான் நேரடியாக் கடன் வாங்கினது அந்த ஸ்டூல் ஒண்ணுதான்.

ஆடி முடிஞ்சு ஆவணியில் வேலை ஆரம்பம். கருப்புக் கண்ணாடி ஹாப் பற்றி மட்டும் வீட்டில் இன்னும் பேச்சு ஓடுது. மனைவிக்கு அது பிடிச்சிருக்கு. தினமும் ராத்திரி துடைக்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டா வாங்கலாம் என்று சொல்லியிருக்காங்க.