படர்க்கையில் விழும் பால்: பால்புதுமையினர் திரைப்பட விழாக்களும் தமிழும்

பால்புதுமையினருக்கான திரைப்பட விழா 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 1986இல் இலண்டனிலும் 1991இல் டொராண்டோவிலும் 2010இல் மும்பையிலும் அத்தகைய விழாக்கள் வேரூன்றின. வெகுமக்கள் திரையில் நகைப்புக்கோ அச்சத்துக்கோ உரியவராகக் காட்டப்பட்டோர், சில நாள்களேனும் அரங்கின் பெரும்பான்மையராக அமர்வதே இவ்விழாக்களின் முதற்பயன். எனினும் பன்னாட்டு விழாக்களில் பிறமொழிப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துணையுரை வழியாகவே பார்வையாளரை அடைகின்றன. அவ்வாறு செல்லும் தமிழ்ப்படம் எதை இழக்கிறது என்பது தமிழியல் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

தமிழ் வினைமுற்றில் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 'வந்தேன்' என்பவர் ஆணா பெண்ணா என்பதை அச்சொல் கூறுவதில்லை. 'வந்தாய்' என்பதும் அவ்வாறே. 'வந்தான்', 'வந்தாள்' எனப் படர்க்கையில்தான் பால் வெளிப்படுகிறது. தன்னைப் பற்றிப் பேசும்போது இல்லாத பால்விகுதியைப் பிறர் பேச்சே ஒருவர்மீது ஏற்றுகிறது. பேச்சுவழக்கின் 'டா', 'டி' விளிகள் அதனை நேர்முகமாகவே செய்கின்றன. 'வந்தார்' என்னும் மதிப்புவடிவம் ஆண், பெண் பகுப்பைத் தவிர்த்து நிற்கிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை, அவை உயர்திணைப் பால்களின் ஈறுகளையே பெறும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் விதிக்கிறது. அத்தகையோரை எவ்வாறு சொல்வது என்பதைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே எதிர்கொண்டுள்ளது.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) இந்நோக்கில் முதன்மையான சான்று. மாணிக்கமாக வீட்டை விட்டுச் சென்றவர் ஷில்பாவாகத் திரும்புகிறார். மகன் அவரை 'அப்பா' என்றே அழைக்கிறான். அவ்விளியில் ஏளனமோ மறுப்போ இல்லை. உறவுப்பெயரும் பால் அடையாளமும் முரணின்றி ஒருங்கே நிற்கக்கூடும் என்பதைக் குழந்தையின் மொழி காட்டுகிறது. காவல் நிலையத்திலோ மொழியே வன்முறையின் முதற்கருவியாகிறது. உறவுப்பெயரை ஆங்கிலத்தில் பெயர்க்கலாம். ஒருமை, பன்மை, விளி ஆகியவற்றின் வழி மதிப்பு ஏறி இறங்குவதைப் பெயர்த்தல் அரிது. திருநங்கை வேடத்தில் ஆண் நடிகர் நடித்ததும், ஷில்பாவின் கடந்தகாலம் சித்திரிக்கப்பட்ட முறையும் திருநங்கையரின் கண்டனத்துக்கு உள்ளாயின. அக்கண்டனம் நியாயமானதே, ஆயினும் படத்தின் மொழிக்கூர்மையை அது மறுப்பதாகாது.

தீபா மேத்தாவின் 'ஃபன்னி பாய்' (2020) மறுதிசையில் பிழைக்கிறது. ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு ஆங்கில நாவலைத் தழுவிய இக்கனடியப் படம், 1983 கலவரம் வரை கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜியின் தன்பால் ஈர்ப்பைச் சொல்கிறது. முதன்மை வேடங்களில் தமிழர் போதிய அளவில் இடம்பெறாமையும் தமிழ் உரையாடலின் ஒலிப்பும் தமிழரிடையே கண்டிக்கப்பட்டன. கொழும்பின் வசதிபடைத்த குடும்பம் ஆங்கிலம் பேசுவது இயல்பே, குறை அதிலில்லை. நாவின் ஒலிப்பே ஒருவரைத் தமிழரென அடையாளம் காட்டி உயிருக்கு ஊறு விளைவித்த காலத்தைப் படமாக்குகையில், அவ்வொலிப்பைப் பின்னணி அலங்காரமாகக் கொண்டதே குறை. ஆர்ஜியின் ஓர் அடையாளத்துக்குப் படம் தந்த கவனத்தை மற்றோர் அடையாளத்துக்குத் தரவில்லை. இரண்டும் ஓருடலில் வாழ்பவை என்பதே நாவலின் சாரம்.

புலம்பெயர் சூழலில் இது கலைநுணுக்கம் சார்ந்த குறை மட்டுமன்று. பெற்றோரிடம் தன்னைப் பற்றிச் சொல்ல முனையும் இளைஞருக்கு ஆங்கிலச் சொற்களே கைவசமிருப்பின், அவ்வாழ்வு மேலைநாட்டு இறக்குமதி என்னும் தப்பெண்ணம் வலுப்பெறும். சொற்களோ தமிழில் உள்ளன. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அவற்றுக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தமிழர் மிகுந்த நகரங்களின் விழாக்கள் தமிழிலும் படக்குறிப்பு வெளியிடுவதும், விளிகளின் ஏற்றத்தாழ்வை உணர்ந்த மொழிபெயர்ப்பாளரிடம் துணையுரையை ஒப்படைப்பதும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. மகனையோ மகளையோ பற்றிப் படர்க்கையில் பேச நேரும் தாய்க்கு, எந்த ஈற்றைத் தேர்வது என்னும் தயக்கத்தில் அவை துணைநிற்கும்.