காதுக்கு எட்டாத பக்கங்கள்

சிற்றேடுகளுக்கு வாசகர் இல்லை என்று வருந்துவது நமக்குப் பழகிவிட்டது. தேடி வந்த வாசகனை என்ன செய்தோம்?

திருப்பத்தூரில் பார்வையற்ற நண்பர் ஒருவர் பழைய சிற்றேடு ஒன்றின் பிடிஎஃப் கோப்பைத் திறந்தார். திரையில் உள்ளதைத் தமிழிலும் உரக்கப் படிக்கும் இலவச மென்பொருள் என்விடிஏ. அது, கோப்பு காலி என்றது. பொய்யில்லை. பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள். கணினிக்கு அவற்றில் எழுத்தே கிடையாது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த கோப்புகளோ வெறும் உளறலாக ஒலிக்கின்றன.

சட்டம் தடையில்லை. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, லாப நோக்கின்றி ஒரு நூலை இவர்கள் படிக்கும் வடிவில் மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தாகவே உள்ளிட்டார்கள். ஆகவே நண்பருக்குப் புறநானூறு கேட்கிறது. நம் கவிதை கேட்கவில்லை. மரபை மீறியவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இது உறுத்த வேண்டும்.

படமெடுத்து வைப்பது பாதுகாப்பு, வாசிப்பு அல்ல. யூனிகோடில் அடிப்பது, பிழை பார்ப்பது, தலைப்பைத் தலைப்பென்று குறிப்பது எல்லாம் குமாஸ்தா வேலைதான். அதைச் செய்ய மறுக்கும் இலக்கிய அக்கறையில் எனக்கு நம்பிக்கையில்லை.