தண்டப்பணத்தில் தீராத குற்றம்

மலையகத்து அக்கரப்பத்தனைப் பகுதியில், டயகமவிலோ ஹோல்புரூக்கிலோ கசிப்பு (கள்ளச்சாராயம்) காய்ச்சிப் பிடிபடும் ஒருவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பொலிஸ், பிறகு நுவரெலியா நீதவான் நீதிமன்றம், குற்ற ஒப்புதல், தண்டப்பணம். கட்ட வழியிருந்தால் அது கடனாகும், இல்லாவிட்டால் சிறை. நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் விழுகிற பேரை (பதிவாகும் வேலைநாளை) வைத்து வீட்டையும் ஓட்டி வட்டியையும் அடைக்க முடியாது. கசிப்பு முதலாளியே தண்டத்தைக் கட்டி மீட்டிருந்தால், கடனுக்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது அடுப்படிக்குத் திரும்பி வரும் ஆளைத்தான். கொஞ்ச நாளில் அதே ஆள் அதே கூண்டில் நிற்கிறார். தண்டம் மட்டும் ஏறியிருக்கிறது.

மீள்குற்றவாளி என்றதும் கொழும்புப் பாதாள உலகத்தை நினைப்பவர்கள் சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிபரங்களைப் புரட்டவேண்டும். தண்டனை பெற்று உள்ளே வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட இயலாமல் வந்தவர்கள் என்பதை அவை பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. வறுமைக்காகச் சிறை வைக்கும் இந்த ஏற்பாடு தவறு. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதே இங்கு எடைபோடவேண்டியது.

பிரித்தானியா 2009இல் ஒரு வழியைக் கொள்கையாக வகுத்தது. பொலிஸ், நன்னடத்தை அலுவலர், வைத்தியத் துறை, உள்ளூராட்சி மன்றம் எல்லாம் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் சிலரைப் பேர் குறித்து எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் தனித் திட்டம் போட்டுக் கவனிக்கும் கூட்டுமுறை அது. போதைக்கு வைத்தியம், குடியிருக்க இடம், வேலை, கூடவே கண்காணிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அக்கரப்பத்தனையில் இது வேர்பிடிக்குமா?

சட்டம் இல்லை என்று நாம் சொல்ல முடியாது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் ஊரிலேயே இருந்து ஊதியமின்றிப் பொதுவேலை செய்யவும், ஆலோசனையும் போதை மீட்புச் சிகிச்சையும் பெறவும் கட்டளையிட நீதவானுக்கு இடம் தருகிறது. அதை மேற்பார்வை செய்யவென்று தனித் திணைக்களமும் உண்டு. ஒருவரைக் குடும்பத்திலிருந்தும் செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவிலிருந்தும் பிடுங்காமல் திருத்த முயல்வது, இந்நாட்டுக் குற்றவியல் சட்டங்களில் அரிதாகக் காணும் நிதானம். நான் அதை மனமார மதிக்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் மனதில் இருந்த ஊர், கிராமம். கிராமத்தில் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் அரசின் கைகள். தோட்டத்தில் நிலைமை வேறு. லயமும் பாதையும் வேலையும் கம்பனியின் பிடியில். நலன்புரி அலுவலர், வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பரா எல்லாம் தோட்ட நிர்வாகத்தைச் சுற்றியே இயங்குகின்றன. பிரதேச சபை தோட்டத்துக்குள் பணம் செலவிடச் சட்டத் தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை 2018இல்தான் நீக்கினார்கள். அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்ததும் அதே ஆண்டில்தான். மேசையைச் சுற்றி உட்காரவேண்டியவர்களில் ஒருவர் இங்கே அண்மையில் பிறந்தவர், இன்னொருவர் தனியார் கம்பனி.

இங்கேதான் எனக்குப் பெரும் அச்சம். பிரித்தானியக் கூட்டுமுறையின் உயிர்நாடி தகவல் பகிர்வு. தோட்டத்தில் தகவலைப் பகிர்ந்தால் அது தோட்டத் துரையின் மேசைக்குப் போகும். வேலை தருபவரே வீடும் தருபவர் என்ற இடத்தில், ஒருவரின் குற்றப் பதிவு என்பது அவரது குடும்பத்தின் கூரையின் மீது எழுதப்படும் எழுத்து. மலையகம் இதை முன்பே அனுபவித்திருக்கிறது. 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வேலையை விட்டுப் போவதே சிறைக்குரிய குற்றமாக இருந்தது. கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதியமுடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஐ.ஆர்.சி. என்று பொலிஸார் சொல்லும் மீள்குற்றவாளிப் பதிவைத் தோட்டக் காரியாலயத்துக்குப் போக விட்டால், ஒழித்த துண்டைப் புதிய பெயரில் அச்சடித்துக் கொடுத்தவர்களாவோம்.

அரசு அண்மையில் கைக்கொண்ட மற்ற வழி இதைவிட மோசம். 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் போதைப்பொருள் குற்றச்சாட்டில் 29,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கேட்டார்கள். புனர்வாழ்வு என்ற பாதையும் சீராக இல்லை. புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முழுவதுமே அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2022இல் தீர்மானித்தது. திருத்தங்களோடு அது 2023 ஜனவரியில் நிறைவேறியது. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். படையினர் பொறுப்பில் நடக்கும் இத்தகைய நிலையம் திருத்துமிடமாகாது.

அப்படியானால் கூட்டுமுறை பலன் தருமா? தான் பிறந்த நாட்டிலேயே அது தடுமாறியிருக்கிறது. நன்னடத்தைக்கும் பொலிஸுக்குமான பிரித்தானியப் பரிசோதகர்கள் 2020 பெப்ரவரியில் வெளியிட்ட கூட்டறிக்கை, அத்திட்டம் வழிதவறிவிட்டது என்றே கண்டது. பொறுப்பு யாருக்கு என்பது மங்கிப்போனதும், பலனை அளக்காததும் பெருங்குறைகள். அதே ஆண்டு இறுதியில் களவு, கொள்ளை போன்ற அக்கம்பக்கக் குற்றங்களை மையமாக்கி அதை மறுபடி தொடங்கினார்கள். சிங்கப்பூர் அளந்து பார்த்தது. அங்கே 1998இல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இரண்டு ஆண்டுக்குள் திரும்ப உள்ளே வந்தார்கள். 2004இல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கி, வேலை கொடுப்போரையும் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டபின், அண்மைய ஆண்டுகளில் அது கால்வாசிக்கும் கீழே. முழுப் புகழையும் அந்த இயக்கத்துக்கே கொடுக்கமாட்டேன். சிங்கப்பூரின் போதைச் சட்டங்களின் கடுமையை நான் ஏற்கவும் இல்லை. ஆனால் விடுதலையானவரில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணுகிற ஒழுக்கம் நமக்கும் வேண்டும். நம் சிறைப் புள்ளிவிபரம், உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் பழையவர்கள் என்று பிரித்துக் காட்டுகிறது. வெளியே போனவர்களுக்கு என்ன ஆனது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

இன்னொரு குரலையும் கேட்கவேண்டும். கசிப்பின் விலையைக் கடைசியில் செலுத்துவது லயத்துக் காம்பராவில் அடிவாங்கும் பெண். குடிகாரனைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துத் திருத்துவோம் என்றால், அவன் திரும்புவது அவளிடம். ஒரு சுவருக்கு அப்பால் அயல்வீடு இருந்தும் அவளுக்குக் காவல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை பெற வழி தந்திருக்கிறது. அந்தக் கட்டளையை வாங்க அவள் ஒரு நாள் பேரை இழந்து நுவரெலியாவுக்குப் போகவேண்டும். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆனாலும் மலைநாட்டுப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுவது இன்னும் நடக்கிறது. அவள் சம்மதமும் பாதுகாப்பும் இல்லாத எந்தத் திருத்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

என் தீர்ப்பு: கூட்டுமுறை அக்கரப்பத்தனைக்கு வேண்டும். பிரித்தானியாவில் இருப்பது போல் பொலிஸின் பட்டியலிலிருந்து அது தொடங்கக்கூடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, நீதவானின் கட்டளையிலிருந்து தொடங்கவேண்டும். தலைமை, தமிழ் பேசும் சிவில் சீர்திருத்த அலுவலரிடம் இருக்கவேண்டும். பொலிஸ் மேசையில் ஒரு தரப்பாக இருக்கலாம், தலைமாட்டில் அல்ல. தோட்ட நிர்வாகத்துக்கு ஒரே கடமை: கட்டளைக்கு உட்பட்டவரின் பேரையும் வீட்டையும் தொடக்கூடாது. கோப்பைப் பார்க்க அதற்கு உரிமை கிடையாது. தொழிற்சங்கத் தலைவர்களும் மாதர் சங்கங்களும் ஆளுக்காகப் பரிந்து பேசுவதோடு நிற்காமல், அந்தக் கடமை மீறப்படும்போது வழக்காடவும் வேண்டும். தண்டப்பணம் கட்ட முடியாதவர்களையும் கசிப்பு வழக்குகளையும் முதலில் எடுக்கலாம். வீட்டு வன்முறை வழக்குகளை இதற்குள் இப்போதே கொண்டுவரவேண்டாம். ஊதியமில்லா வேலையை வேலைநாளில் வைத்தால் அது இன்னொரு தண்டமாகிவிடும், ஞாயிற்றுக்கிழமையே பொருத்தம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பிரதேச சபை ஓர் அறை கொடுக்கட்டும். சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் தமிழறிந்த ஓர் அலுவலரை அங்கே நிரந்தரமாக அமர்த்தட்டும். தண்டம் விதிக்குமுன் அந்த அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை நுவரெலியா நீதிமன்றத்தில் பழகும் சட்டத்தரணிகள் உருவாக்கட்டும்.