மூலநிரலுக்கு ஒரு நிழல் மரம்

ஒரே மூலநிரலை இரண்டு வகைக் கணினிகளுக்குக் கம்பைல் செய்யும்போது, ஒன்றின் ஆப்ஜெக்ட் கோப்புகள் மற்றதன் கோப்புகளை அழித்துவிடும். எக்ஸ் விண்டோ மூலநிரலோடு வந்த எல்என்டிர் என்ற சிறிய நிரல் இதற்கு எளிய வழி தந்தது. மூலநிரலின் கோப்புறை அமைப்பை வேறோர் இடத்தில் அப்படியே உருவாக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் மூலக்கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (இணைப்பு) போட்டுவிடும். இதுதான் நிழல் மரம். கோப்புறைகளை மட்டும் உண்மையானவையாகவே வைப்பதுதான் எல்என்டிரின் நுட்பம். அவற்றையும் இணைப்பாக்கினால் ஆப்ஜெக்ட் கோப்புகள் மூலநிரலுக்குள்ளேயே போய் விழும்.

மேக்ஃபைலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பெரும்பலம். மூலக்கோப்புகளை வேறு கோப்புறையில் தேடச் சொல்லும் மேக்கின் விபாத் வசதி இதற்கு மாற்று; ஆனால் அதைப் பயன்படுத்த, மேக்ஃபைலை எழுதியவர் முன்கூட்டியே அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும். சிம்லிங்க் மரம் யாருடைய தயவையும் எதிர்பார்ப்பதில்லை. தனி பில்ட் என்பதையே நினைத்துப் பார்க்காத பழைய மென்பொருளுக்கு இன்றும் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால், படிப்பதற்கு நம்பகமான இந்த ஏற்பாடு எழுதும்போது தடுமாறுகிறது. நிழல் மரத்தில் ஒரு கோப்பைத் திருத்தினால் மாற்றம் எங்கே போகும்? அது கருவியைப் பொறுத்தது. க்னூ செட் நிரலை நேரடித் திருத்த முறையில் ஓட்டினால், இயல்பாக அது இணைப்பை நீக்கிவிட்டு அங்கே ஒரு சாதாரணக் கோப்பை வைத்துவிடும். திருத்தம் அந்த ஒரு பில்டில் மட்டும் வேலை செய்யும், மூலநிரலில் இருக்காது. மாறாக, ஷெல்லின் திசைதிருப்பல் இணைப்பின் வழியே சென்று மூலக்கோப்பையே மாற்றிவிடும். பில்டின்போது தானாக உருவாகும் சி கோப்பு மூலநிரலிலும் சேமிக்கப்பட்டிருந்தால், ஒரு கணினிக்கான பில்ட் மற்ற எல்லா பில்ட்களையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறது. இரண்டுமே பிழைச்செய்தி தராத பிழைகள் என்பதால்தான் ஆபத்து. எல்என்டிரின் கையேடே, நிழல் மரத்துக்குள் பேட்ச் நிரலை ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறது. மூலநிரலுக்கு எழுதும் உரிமையை எடுத்துவிட்டால் இரண்டாவது வகைப் பிழை உடனே வெளிப்படும். முதல் வகை அப்போதும் ஒளிந்தேதான் இருக்கும்.

புதுப்பிப்பிலும் குறை உண்டு. எல்என்டிரை மீண்டும் ஓட்டினால் புதிய கோப்புகள் சேரும். ஆனால் மூலத்தில் நீக்கப்பட்டவற்றின் இணைப்புகள் அறுந்தபடியே கிடக்கும். நாம்தான் தேடி அகற்ற வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு இந்த முறை தேவையில்லை. இன்றைய பில்ட் கருவிகளில் சிமேக் தனி பில்ட் கோப்புறையை இயல்பாகவே ஏற்கிறது. மெசன் மூலநிரலுக்குள் பில்ட் செய்யவே விடாது. ஆனால் கூகுளின் பில்ட் கருவியான பேசல் இன்றும் உள்ளே சிம்லிங்க் மரங்களைத்தான் கட்டுகிறது. அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அந்த மரத்தைக் கட்டுவதும் புதுப்பிப்பதும் கருவியே. மனிதர் யாரும் அதற்குள் உட்கார்ந்து கோப்புகளைத் திருத்துவதில்லை.