ஆரணவல்லியும் மாதுமையும்

மதுரை அருகே மேலூரை அடுத்த திருவாதவூரில், திருமறைநாதர் கோயில் அம்பாளுக்கு வேதநாயகி என்றும் ஆரணவல்லி என்றும் பெயர். ஆரணம் என்பது வேதம். மாணிக்கவாசகர் பிறந்த இந்த ஊரைச் சுற்றி மீனாட்சிகளுக்குப் பஞ்சமில்லை, ஆரணவல்லிகள்தான் அரிது. கடலுக்கு அப்பால் திருகோணமலையில் கோணேசருடன் உறையும் அம்பாளுக்குப் பெயர் மாதுமை. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. அந்தப் பெயரைப் பெண்பிள்ளைக்கு இடும் வழக்கம் இலங்கையில் இன்றும் இருக்கிறது. யாருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று பெற்றோர் தேடி அலையும் காலம் இது. பெண்பிள்ளைக்குப் பெயரிடுவதில் இரு கரைகளும் எதைக் காத்தன, எதைக் கைவிட்டன என்று பார்க்க வேண்டிய நேரமும் இதுதான்.

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பெயர் முதலில் குலதெய்வத்திடமிருந்து வரும், அடுத்து அப்பத்தாவிடமிருந்து. பாண்டியம்மாள் என்றால் அந்தக் குடும்பம் பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்டும் குடும்பமாக இருக்கும். அழகம்மாள் அழகர்கோயிலைக் காட்டும். ஒச்சம்மாள் என்றதும் உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சாண்டம்மன் நினைவுக்கு வருவாள். மூத்த பேத்திக்கு அப்பத்தாவின் பெயரை வைத்துவிட்டால், மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுக் கூப்பிட முடியாது. அதனால் வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் முளைக்கும். பதிவேட்டில் ஒன்று, வாசலில் ஒன்று என்று இரண்டு பெயரோடு வளர்ந்த பெண்கள் இங்கே ஏராளம்.

நேர்த்திப் பெயர்கள் தனி வகை. முந்தைய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்தவளுக்கு மூக்குக் குத்தி மூக்காயி என்றார்கள். குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பாயி என்றார்கள். மடிப்பிச்சை ஏந்திப் பிச்சையம்மாள் என்றார்கள். கேட்கக் கரடாக இருந்தாலும், எமன் கண்ணில் படாமல் பிள்ளையைக் காக்கத் தாய் போட்ட வேலி அவை. ஆனால் போதும்பொண்ணு என்ற பெயரை அந்த வரிசையில் சேர்க்க என்னால் முடியாது. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலைப் பெண்ணின் தலையில் எழுதிவைத்த பெயர் அது. வாழ்நாள் முழுக்க அவள் அதைச் சுமக்க வேண்டும். அரிய பெயர் என்பதற்காக அதைப் போற்றக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் பெயர் பெரும்பாலும் புராணத்திலிருந்து வந்தது. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். கோயில்களில் ஒருவர் புராணம் படிக்க, இன்னொருவர் பொருள் விளக்கிப் பயன் சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் புனிதவதி, திலகவதி, மங்கையர்க்கரசி என்ற பெயர்கள் பழகிப்போயின. மங்கையர்க்கரசி மதுரையில் நின்றசீர் நெடுமாறனோடு அரசிருந்த பாண்டிமாதேவி. அவள் பெயர் ஈழத்து அரசியல் மேடையில் மங்கையர்க்கரசி அமிர்தலிங்கம் வழியாக ஒலித்தது.

வாதவூரும் அங்கே அந்நியமில்லை. மார்கழித் திருவெம்பாவை நாட்களில் யாழ்ப்பாணத்துச் சிவன் கோயில்களில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கிறார்கள். தில்லையில் ஈழத்து மன்னனின் ஊமை மகளை மாணிக்கவாசகர் பேசவைத்த கதை அதில் வருகிறது.

தலத்து அம்பாளின் பெயரும் அங்கே வீட்டுக்குள் வந்தது. நயினாதீவு அம்மனால் நாகபூஷணி, கீரிமலையால் நகுலாம்பிகை, முன்னேஸ்வரத்தால் வடிவாம்பிகை. பிறந்து 31ஆம் நாள் துடக்கு எனும் தீட்டைக் கழித்துப் பெயர் வைக்கும்போது, பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைப் பார்ப்பார்கள். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. எழுத்தை முதலில் வைத்துப் பெயரைப் பிறகு கட்டியதில் கஜந்தினி, நிரோசினி, தர்சிகா என்று இனியும் இகாவும் ஒட்டிய புதுப்பெயர்கள் பெருகின. ஓசை இனிமை, பொருள் கேட்டால் பலருக்குத் தெரியாது. மதுரைப் பக்கம் எண்கணிதக்காரரும் அதையே செய்கிறார். கூட்டுத்தொகைக்காக எழுத்தை ஒட்டுகிறார், வெட்டுகிறார். மண்ணிலிருந்து பெயரெடுத்த மதுரையும் ஏட்டிலிருந்து பெயரெடுத்த யாழ்ப்பாணமும் வந்து சேர்ந்திருக்கும் இடம் ஒன்றுதான்.

புதிதாகக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது என் துணிபு. பாண்டிநாட்டுத் தலங்களை மட்டும் பாருங்கள். திருவேடகத்தில் ஏலவார்குழலி, மணச்சாந்து பூசிய நீள்கூந்தலாள். குற்றாலத்தில் குழல்வாய்மொழி. திருவாடானையில் சினேகவல்லி. திருச்சுழியில் துணைமாலை. இராமேசுவரத்தில் மலைவளர்காதலி. நெல்லையப்பர் கோயில் காந்திமதி தமிழ்நாடெங்கும் பெண்களின் பெயராகப் பரவியபோது, ஆரணவல்லி மட்டும் ஏன் கருவறைக்குள்ளேயே நிற்க வேண்டும்?

பள்ளியில் சொல்ல நீளம் என்பார்கள். கடவுச்சீட்டில் எழுதச் சிரமம் என்பார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் பிள்ளை வளர்க்கும் ஈழத்தவருக்கு அது மெய்யான கவலை. ஆனால் இரட்டைப் பெயர் நமக்குப் புதிதா? ஏலவார்குழலி வீட்டில் குழலி ஆவாள். ஆரணவல்லி வல்லி ஆவாள். மாதுமைக்குச் சுருக்கமே வேண்டாம்.

பெயர்ப் புத்தகத்தைப் புரட்டும் முன் உங்கள் ஊர்க் கோயில் அம்பாளின் பெயரைக் கேளுங்கள். அப்பத்தாவுக்கும் அம்மம்மாவுக்கும் அந்தப் பெயர்கள் ஏன் வந்தன என்று விசாரியுங்கள். எந்தப் பெயரைத் தேர்ந்தாலும், அதை வைத்த காரணத்தை எழுதி வைத்து, பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பெண் தன் பெயரைக் கூச்சமில்லாமல் முழுதாகச் சொல்வாள். அடுத்த தலைமுறைக்கும் கொடுப்பாள்.